ஓட்டலில் கை நனைத்த கதை

என் அம்மாவின் போனில் 'கேஸ்காரர்' என்று ஒரு பெயர் இருந்தது. குருவிநத்தத்தில் எங்கள் வீட்டில் பாதிச் சமையல் விறகடுப்பில்தான் நடக்கும். ஒரு சிலிண்டர் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். ஆனாலும் கேஸ்காரர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுவார். அம்மா போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடுவாள். அங்கே நின்று நெடுநேரம் பேசுவாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், சில நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வருவாள். கேஸ் விலை ஏறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கேஸ்காரர் என் அத்தை, அதாவது அப்பாவின் ஒரே தங்கை, என்பது எனக்கு மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில்தான் தெரிந்தது. அத்தை புதுச்சேரி காலேஜுக்கு பஸ்ஸில் போய்வந்த காலத்தில், அதே பஸ்ஸில் நல்லவாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மாமாவைப் பிடித்துப்போய், வீட்டில் யாரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நாங்கள் நெல்லும் கரும்பும் போடுகிறவர்கள். அவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் தெருவுக்கு அது போதும். சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் வீட்டில் இனி நான் கை நனைக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கம் கை நனைப்பது சாதாரண விஷயம் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் உறவை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சாப்பிடாவிட்டால் எத்தனை வருஷமானாலும் அந்நியம்தான். இப்படி ஒரு பெரிய தீர்மானத்தை வயிற்றின் பொறுப்பில் விட்டது யார் யோசனையோ தெரியவில்லை.

அந்த லீவில் கேஸ்காரரின் அழுகை அதிகமாகிவிட்டது. அத்தைக்கு ஒரு பெண் குழந்தை. மொட்டை அடித்துக் காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் எங்கள் அப்பா. அவரோ தங்கை இருக்கும் திசையில்கூடத் தலை வைத்துப் படுக்காதவர். பொட்டைப் பிள்ளை காதை எத்தனை நாளைக்கு மூளியாக வைத்திருப்பது, வைகாசியில் யார் மடியிலாவது உட்கார வைத்துக் குத்திவிடுவோம் என்று மாமா வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. குழந்தை ஓடியாடத் தொடங்கிவிட்டது. ஆனால் அண்ணன் இருக்கும்போது வேறு ஒருவர் மடியா என்று அத்தை சாப்பிடாமல் கிடந்தாளாம்.

அம்மா ஒருநாள் காலையில், கடலைப் பார்க்க வேண்டும் என்று நான் ராத்திரியெல்லாம் அழுததாக அப்பாவிடம் சொன்னாள். நான் அழவில்லை. நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்ல வாயெடுத்தபோது அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அதனால் அவள் சொன்னது பொய்யும் ஆகவில்லை.

அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எந்தக் கடலு?" என்றார்.

"கடலு எல்லாம் ஒண்ணுதான. நல்லவாடு கிட்டக்க இருக்குது" என்றாள் அம்மா.

அப்பா குளித்துவிட்டு வந்து, கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மண்ணிலும் தண்ணீரிலும் நிற்கப் போகிறவருக்கு அந்தச் சட்டை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. தொடை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கடல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் பார்ப்பது? படகுகள் கரையேறி, வலைகள் மணலில் காய்ந்துகொண்டிருந்தன. மத்தியானம் ஆனதும், பசிக்குது என்று சொல்லும்படி அம்மா கண்ணைக் காட்டினாள். இந்தத் தடவை கிள்ளத் தேவைப்படவில்லை. கரையோரம் திறந்திருந்த சாப்பாட்டுக் கடை ஒன்றே ஒன்று. அதற்கு எதிர்ப்பக்கமாக அப்பா மணலில் நெடுந்தூரம் நடந்து போய், பூட்டிக்கிடந்த ஒரு பஜ்ஜிக் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அது அவ கடைதான?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஓட்டலுங்க. ஊரே வந்து கை நனைக்குது. வூடு வேற, ஓட்டலு வேற."

வக்கீலுக்குப் படிக்க வேண்டியவள் என் அம்மா. மாடு மேய்க்கும் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டாள்.

அத்தை வீட்டு வாசலிலேயே கீற்றுக் கொட்டகை போட்டு, மணலில் பிளாஸ்டிக் மேசை நாற்காலிகளைப் போட்டால் அதுதான் ஓட்டல். வெயிலுக்குத் தடுப்பாக ஒரு பழைய நீல வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அகலத் தட்டில் ஐஸ் பரப்பி சங்கராவும் வஞ்சிரமும் நண்டும் வைத்திருந்தார்கள். கைகாட்டியதை மாமா எடுத்து மசாலா தடவிக் கல்லில் போடுவார். சோறும் குழம்பும் மட்டும் உள்ளே அத்தையின் சமையலறையிலிருந்து வரும். டவுனிலிருந்து பைக்கில் வந்த பையன்கள், நண்டு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களைப் பார்த்ததும் அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். மாமா கரண்டியோடு எழுந்து நின்றார். யாரும் யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. சொன்னால் ஓட்டல் வீடாகிவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

அப்பா நேராக மாமாவின் கல்லாப் பெட்டிக்குப் போய், சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து அதன் மேல் வைத்தார். சாப்பிட்ட பிறகுதான் அங்கே எல்லாரும் காசு கொடுத்தார்கள். அப்பா மட்டும் முன்னாலேயே கொடுத்து, தான் வெறும் வாடிக்கைக்காரன் என்பதைக் கடலுக்கும் வானத்துக்கும் உறுதிப்படுத்திக்கொண்டார். அத்தையின் முகம் அப்படியே சுருங்கிப்போனது. மாமா மட்டும் பதறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நோட்டுகளை எடுத்து உள்ளே போட்டு, மீதியையும் கொடுத்தார். அன்றைக்கு அவர் மட்டும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும் என்று அம்மா இப்போதும் சொல்வாள். எனக்கும் அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஏரிக் கெண்டையும் ஆற்று மீனும் தின்று வளர்ந்த எங்கள் அப்பாவுக்குக் கடல் மீனில் எது எது என்று தெரியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற தங்கையைக் கேட்காமல், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"செவப்பா இருக்குதே, அது இன்னா மீனுன்னு கேளு."

நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அத்தையும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"சங்கரான்னு சொல்லு. முள்ளு பெருசா இருக்கும், எடுக்க சுளுவு. அப்பாவுக்கு அப்பிடி மீனுதான் புடிக்கும்னு சொல்லு."

"அப்பாவுக்கு இன்னா புடிக்கும்னு இவங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேளு."

"கூடப் பொறந்தவங்களுக்கு யாரும் சொல்ல வேணாம்னு சொல்லு."

இவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அம்மா வலைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கடலை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, கல்லிலிருந்து எடுத்த சங்கரா வந்தது. அப்பா எனக்கு எப்போதும் போல முள் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அத்தை மகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். பிறந்ததிலிருந்து கத்தரி படாத தலைமுடி, கடற்காற்றில் சடைபிடித்து முகமெல்லாம் விழுந்து கிடந்தது. காதில் ஒன்றும் இல்லை. நேராக வந்து என் நாற்காலியை ஒட்டி நின்று, அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பசியில்லை, மீன் தின்றே வளர்கிற பிள்ளை. அடுத்தவர் முள்ளெடுத்துத் தருகிற மீனுக்கு அப்படி ஒரு ருசி இருக்கிறது.

அத்தை கூப்பிட வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அப்பா அடுத்த துண்டை என் இலையில் வைக்கக் கையை நீட்டினார். கை பாதி வழியில் நின்றது. பிறகு அந்தப் பக்கம் திரும்பி, திறந்திருந்த வாயில் மீனை வைத்தது. முடியும் கூடவே வாய்க்குள் போயிற்று. குழந்தை துப்பியது. அப்பா இடது கையால் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினார். முடி நிற்கவில்லை. மறுபடி செருகினார். அந்தக் குட்டிக் காதை விரலால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எனக்குச் சேர வேண்டிய மீன் எல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா நிமிர்ந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் என்னை வைக்காமல், நேராக அவளிடமே பேசினார்.

"கொழம்புல உப்பு தூக்கல். காது குத்துக்கு ஆக்கறப்ப இப்பிடி அள்ளிப் போடாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியில் சாப்பிடும்போது அப்பா குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. பாகூர் கடைத்தெருவில் ஊசிப்போன சட்னி வைத்தால்கூட ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்து வந்துவிடுவார். புளி பத்தவில்லை, காரம் ஏறிவிட்டது என்பதெல்லாம் எங்கள் வீட்டில், அம்மா ஆக்கிய குழம்புக்கு மட்டும்தான். காசு வாங்கிக்கொண்டு சோறு போட்டவள், பாவம், அவளைப் போய் அத்தனை பேர் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அப்பா மேல் வருத்தமாக இருந்தது.

"சரிண்ணா" என்றாள் அத்தை. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அம்மாவும் பின்னாலேயே போனாள். உள்ளே இருவரும் அழுகிற சத்தம் கேட்டது. மாமா கல்லைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதில், யாரோ கேட்டிருந்த வஞ்சிரம் கருகிப் புகைந்தது.

திரும்பும்போது பைக்கில் அப்பாவுக்கு முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தேன். கரும்புக் காட்டுக்கு வரும்வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"கொழம்புல உப்பு சரியாத்தாம்பா இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார் அப்பா. "கெட்டியா புடிச்சிக்கினு ஒக்காரு."

தெரிந்துகொண்டே ஒரு மனிதர் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும், சொல்லி அத்தையை அழ வைத்துவிட்டு, வழியெல்லாம் ஏன் விசிலடித்துக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்று அப்பாவின் கையிடுக்கு வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன். அவள் அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.