அண்ணியிடம் யாரும் கேட்காத கேள்வி

அந்த அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. விரல் நீளம், இரண்டு விரல் அகலம், வெள்ளை மணிலா அட்டையிலிருந்து என் கையால் வெட்டியது. எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பித்தளைத் தட்டை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு வருவார்கள். அதில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் எழுதியிருக்கும். அந்த வருடம் முழுவதற்கும் கர்த்தர் நமக்கென்று கொடுத்த வார்த்தை அதுதான் என்பது நம்பிக்கை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அந்த வருடம் அட்டை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கு அப்போது இருபது வயது, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நூறு அட்டைகளை வெட்டி, மலேயா சுதந்திரம் பெறப்போகும் ஆண்டாயிற்றே என்று ஓரத்தில் பூவெல்லாம் வரைந்தேன். வரைகிற மும்முரத்தில் ஒரு அட்டையில் எழுத மறந்துபோனேன். நூறு பேர் கூடிய சபையில் அந்த ஒன்றை எடுத்தவர் என் அண்ணி.

அட்டை வெறுமையாக இருந்ததை அன்று அவர் யாரிடமும் காட்டவில்லை. கோயில் வாசலில் எல்லோரும் அவரவர் வசனத்தைப் படித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது நானும் போய், "என்ன வசனம் அண்ணி?" என்று கேட்டேன். "நல்ல வசனம்தான்" என்று சொல்லிவிட்டு வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவருடைய மேசையைத் துடைக்கும்போது வேதாகமத்திலிருந்து அது கீழே விழுந்தது. என் பூ, என் வெட்டு, நடுவில் வெள்ளை. கர்த்தர் தன்னிடம் பேச விரும்பவில்லை என்றுதானே இவர் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருப்பார்? அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் என்னை என்ன நினைப்பார்களோ என்று பயம். கோழைத்தனத்துக்கு நான் வைத்த பெயர் அடக்கம்.

அண்ணனும் அண்ணியும் நானும் மலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்தில், ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அண்ணன் அரசாங்க இலாகாவில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. அண்ணிக்கு முப்பது வயது இருக்கும். எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து, பாட்டில்லாமல் ஒரு பாத்திரம்கூடக் கழுவாதவர். அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏசவில்லை. முந்தின வருடம் மழைக்காலத்தில் பாட்டு நின்றது. பிறகு தூக்கம் போனது. பிறகு தலை சீவுவது, பசி, பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போயின. பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது, காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நறுக்காத வெண்டைக்காய் அப்படியே இருக்கும். காரணம் இல்லாததுதான் எனக்கு அதிக பயத்தைத் தந்தது. காரணம் இருந்தால் அதோடு சண்டை போடலாமே.

மனச்சோர்வு என்ற சொல் அன்று எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தவை இரண்டே சொற்கள், பாவமும் பிசாசும். பாவம் என்றால் அறிக்கையிட வேண்டும், பிசாசு என்றால் துரத்த வேண்டும். அண்ணன் முதலில் மலேரியா என்று ஊரை ஏமாற்றிப் பார்த்தார். எந்த மலேரியா ஆறு மாதம் இருக்கும்? சபையின் மாதர் சங்கத் தலைவி ஒரு வெள்ளிக்கிழமை நான்கு பெண்களுடன் வந்து இறங்கினார். நல்ல மனுஷி, அதைச் சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவர். ஆனால் அவருக்கு ஒரு பழமொழி இருந்தது, அவரே உண்டாக்கியது: "விசுவாசிக்கு விசாரம் ஏது?" அதைச் சொல்லிவிட்டு அண்ணியின் தலையில் கை வைத்தார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் உபவாச ஜெபம். சோறு தண்ணீர் இல்லாமல் எலும்பும் தோலுமாக இருந்தவரையும் எங்களோடு சேர்த்துப் பட்டினி போட்டோம். ஒவ்வொருவராகக் கண்ணை மூடி, இந்தச் சகோதரியின் அவிசுவாசத்தை மன்னியும், மறைந்திருக்கும் பாவத்தை வெளிப்படுத்தும் என்று அவர் காதுபடவே ஜெபித்தோம். நானும் ஜெபித்தேன். மறைந்திருந்த அட்டையைப் பற்றி வாய் திறக்காதவள் அடுத்தவர் பாவத்தை வெளிப்படுத்தச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

பின்வீட்டில் ஒரு செட்டி அம்மாள் இருந்தார். பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வம்சம்; கும்பிடுவது இந்துச் சாமி, வீட்டில் பேசுவது மலாய். நாங்கள் அவரை மலாயில் மக்சிக், அத்தை, என்று கூப்பிடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை நடு ஜெபத்தில், பின்கட்டு வழியாக ஒரு கிண்ணத்தில் சூடான கஞ்சியோடு வந்தவர் நேராக அண்ணிமுன் உட்கார்ந்தார். "மாக்கான் டுலு. செம்பாயாங் நந்தி" என்றார். முதலில் சாப்பிடு, சாமி கும்பிடுவது அப்புறம். இந்து வீட்டுக் கஞ்சி, சாமிக்குப் படைத்ததாக இருக்குமோ என்று தலைவி முகம் சுளித்தார். அண்ணி யாரையும் பார்க்காமல் நான்கு கரண்டி குடித்தார். எனக்குக் கோபம் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் உபவாசம் கெட்டுப்போனதே என்று.

ஆகஸ்டு மாதக் கடைசியில் அண்ணி மாறினார். இரண்டு நாளாகக் காலையில் எழுந்து குளித்தார், வீட்டைக் கூட்டிப் பெருக்கினார், துணியெல்லாம் மடித்து அடுக்கினார். முகம் தெளிந்திருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தார். அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செய்தி சபை முழுக்கப் பரவி, அடுத்த ஞாயிறு அண்ணி எழுந்து, சுகம் கிடைத்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாகிவிட்டது. சுதந்திர நாள் சனிக்கிழமை வந்தது. விழா நடக்கும் பண்டா ஹிலிர் திடலுக்குப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போக வேண்டியிருந்ததால் நான் விடியலிலேயே புறப்பட்டேன். அண்ணன் தன் இலாகா ஆட்களோடு போய்விட்டார். வாசல்வரை வந்த அண்ணி என் சேலை முந்தானையைச் சரிசெய்துவிட்டு, "அண்ணனுக்கு மீன் கொழம்புல புளி கொறச்சலாப் போடும்மா. ஜாஸ்தியானா நெஞ்சு எரியும்னு சொல்லுவாரு" என்றார். சரி அண்ணி என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

திடலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மெர்டேக்கா, மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்று கத்துகிறார்கள். என் பிள்ளைகளும் காகிதக் கொடியை ஆட்டித் தொண்டை கட்டக் கத்துகிறார்கள். மாதர் சங்கத் தலைவி கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "பாத்தியா டீச்சர், நாட்டுக்கும் விடுதலை, உங்க அண்ணிக்கும் விடுதலை" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே புளி ஞாபகம் வந்தது. அண்ணனுக்கு மீன் குழம்பு வைப்பது அண்ணி. கடைச் சாப்பாடு வாங்கினாலும் வாங்குவேன், நான் அடுப்படிப் பக்கம் போகிறவளே இல்லை. அவர் ஏன் அதை எனக்குச் சொன்னார்? மடித்து வைத்த துணி, துடைத்து வைத்த வீடு, அந்தச் சிரிப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. பிள்ளைகளைப் பக்கத்தில் நின்ற டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அன்றைக்குப் பார்த்து, சைக்கிள் ரிக்‌ஷாவான திரிஷா ஒன்றுகூட இல்லை. எல்லாத் திரிஷாக்காரர்களும் திடலில் இருந்தார்கள். தெருவெல்லாம் கொடி, ஆள் நடமாட்டம் கிடையாது. வழிநெடுக நான் ஜெபிக்கவில்லை. புளி கொறச்சல், புளி கொறச்சல் என்று வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போன அந்த இருபது அடியை என்னால் இப்போதும் நடக்க முடியாது. கனவில் வந்தால் பாதியில் விழித்துக்கொள்கிறேன். அண்ணி கிணற்றடியில் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்திருந்தார். திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் கட்டுகிற வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். தலை சீவிப் பின்னியிருந்தார். என்னைப் பார்த்தும் முகம் மாறவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. வசனம் சொல்லலாம், ஜெபிக்கலாம், அதட்டலாம், அதெல்லாம் எனக்குப் பழக்கம். அன்று ஒன்றும் வரவில்லை. விசுவாசி வாயில் வரக்கூடாத வார்த்தை, வந்தால் பிசாசுக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்று நாங்கள் நம்பிய வார்த்தை, அதுதான் வந்தது.

"அண்ணி, செத்துப்போகணும்னு இருக்கா?"

"ஆமா" என்றார். கிணற்றைப் பார்த்துக்கொண்டே, "எட்டு மாசமா எல்லாரும் என்னென்னமோ கேட்டாங்க. என்ன பாவம் செஞ்சேன்னு கேட்டாங்க. ஏன் ஜெபம் பண்ணலன்னு கேட்டாங்க. இத ஒருத்தரும் கேக்கல" என்றார்.

நான் அவர் காலடியில் சேற்றில் உட்கார்ந்து அட்டையைப் பற்றிச் சொல்லி அழுதேன். என் தவறு, கர்த்தருடையது அல்ல, நான்தான் எழுத மறந்தேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போதும் நம்பினேன். அண்ணி என் தலையில் கை வைத்தார். "தெரியும்மா. நீ வெட்டுன அட்டை எனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு. வசனம் வந்திருந்தாலும் எனக்குள்ள எறங்கியிருக்காது" என்றார். என் பாவம்கூட இதற்குக் காரணமில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, இன்னும் பயம்தான் வந்தது. மக்சிக்கைக் கத்திக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக அவரை உள்ளே அழைத்துப் போனோம். மக்சிக் அடுப்பைப் பற்ற வைத்தார்.

எங்கள் சபையில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், டாக்டருக்கு உதவியாளர், ஒருவர் இருந்தார், அதிகம் பேசாதவர். அன்று மாலையே வந்து பார்த்தவர், "இது வியாதி. டாக்டர் பாக்கணும். ஜெபத்த நிறுத்த வேணாம், ஆனா இவங்களத் தனியா விட்றாதீங்க" என்று மட்டும் சொன்னார். ஜொகூர்ப் பக்கம் இருக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று அண்ணன் நடுங்கினார். டாக்டர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. தூங்க மருந்து கொடுத்தார், அதை என் கையில் கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். உபவாசத்தை நிறுத்தினோம். தலைவி வருத்தப்பட்டார், பிறகு அவரே முட்டை கொண்டுவர ஆரம்பித்தார். வனாந்தரத்தில் மரத்தடியில் படுத்து, போதும் என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட தீர்க்கதரிசியின் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருப்பேன். அவனுக்குக் கர்த்தர் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், சுட்ட அப்பமும் தண்ணீரும் அனுப்பினார், மறுபடி தூங்கவிட்டார். பேச்சு அப்புறம்தான். எங்கள் வேதத்தில் இருந்ததை எங்களுக்குச் செய்து காட்டியவர் பின்வீட்டு மக்சிக்.

அண்ணி பிழைத்தார். குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நல்ல வருடங்களும் இருந்தன, பாட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. ஆனால் அந்த இருட்டு நான்கைந்து முறை மீண்டும் வந்து போயிற்று. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பயந்தேன். பயந்துகொண்டே கேட்டேன், அவரும் உள்ளதைச் சொன்னார். முப்பது வருடம் கழித்து, இருதய நோயில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கண்ணை மூடினார்.

அடக்க ஆராதனையில் இளம் போதகர் உருக்கமாகப் பேசினார். இந்த அம்மா ஒரு நாளும் சோர்ந்துபோகாத விசுவாச வீராங்கனை என்றார். முன்வரிசையில் இருந்த அண்ணன் குனிந்துகொண்டார். குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லி முடித்துவிட்டு, "எங்கள் அண்ணி பலமுறை சோர்ந்துபோனார். சாக வேண்டும் என்றுகூட நினைத்தார். அது வியாதி. அந்த நாட்களிலும் அவர் விசுவாசியாகத்தான் இருந்தார்" என்று சொல்லி உட்கார்ந்தேன். செத்தவரின் மானத்தை வாங்கிவிட்டேனோ என்று பயந்தேன்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் சபை மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். முதலில் ஒரு கல்லூரிப் பெண் வந்து, "உங்க அண்ணிக்கு எப்படி ஆரம்பிச்சது டீச்சர்?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அவள் போனதும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் வந்து, எந்த டாக்டர் என்று விசாரித்தார், நண்பர் ஒருவருக்காகவாம். மூன்றாவதாகப் போதகரின் மனைவி வந்தார், கைக்குழந்தையுடன். எதிரில் உட்கார்ந்து குழந்தையின் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் குரலைத் தாழ்த்தி, அண்ணியிடம் கேட்டதை அவரிடம் கேட்டேன். அவர் திரும்பி, மண்டபத்தின் மறுகோடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தம் கணவரைப் பார்த்தார். பிறகு, "ஆமா டீச்சர்" என்றார். வாசலில் எனக்காகக் காத்திருந்த காரைப் போகச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.