விரல் வாய்க்குப் போன ஆழம்

“...வாயில கீற குழாயையே புடுங்கப் பாத்துட்டு, அதுக்கப்பறமும் ஞாயித்துக்கெழம போறேன்னு நின்னுகினு கீறாளே, இவள இன்னாதான் பண்றது?” என்று என் நாத்தனார் கேட்டது என்னையல்ல, தறியை. என்மேல் கோபம் வந்தால் அவர் தறியிடம்தான் பேசுவார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. எங்கள் வீட்டில் நெடுக்கே ஓடும் பாவு நூலெல்லாம் அவர் பிணைத்துக் கொடுத்துத்தான் தறியில் ஓடும். கடலுக்கு நான் எடுத்துப்போகும் பையை அன்று காலை பரண்மேல் ஏற்றி, அதற்கு முன்னால் ஓர் அண்டாவையும் தள்ளி வைத்திருந்தார்.

மனிதர்கள் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். என்னைத் திட்டுகிற பேச்சானாலும், நன்றாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வேன். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலடிக்குப் போகும் ஸ்கூபாவை நான் கற்றுக்கொள்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து ஆரணி எனக்கு வாரி வழங்கியிருக்கிறது. “நம்ம ஆத்துல கணுக்கால் நனைய வழியில்ல, உங்களுக்குக் கடல் கேக்குதாங்க?” என்றார் ஜரிகை கொண்டுவருபவர். நாற்பதைத் தாண்டினால் பெண்களுக்குச் சர்க்கரை வரும், மூட்டுவலி வரும், உனக்கு மட்டும் ஏன் இது வந்தது என்று களம்பூர்ச் சித்தி விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் சிரித்தேன். போவதை நிறுத்தவில்லை.

நீச்சல் எனக்குக் கிணற்றிலேயே வந்துவிட்டது. புதுச்சேரியில் நான் புடவை கொண்டுபோய்க் கொடுக்கும் கடைக்குப் பக்கத்தில் ஸ்கூபா சொல்லித்தரும் இடம் ஒன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொங்கும் ரப்பர் உடைகளைப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் உள்ளே போய், எனக்கு அளவு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அப்புறம் என்ன? சொல்லித்தரும் தம்பிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். முதல் வகுப்பை முடித்துவிட்டு, இன்னும் ஆழத்துக்குப் போகும் அடுத்த வகுப்பில் சேர்ந்திருந்தேன்.

முப்பது மீட்டர் பக்கம் போனால், நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜனே தலைக்கேறி மயக்கும் என்று முந்தின நாள் தம்பி படகிலேயே சொல்லிவிட்டான். சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்குப் பயம் வரும். சிலர் ஏதாவது ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு அதை விடவே மாட்டார்கள். யாருக்கு என்றைக்கு எப்படி வரும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் மேலே ஏறினால் தெளிந்துவிடும். “வர்றது தப்பில்லக்கா. வந்துடுச்சின்னு தெரியாம இருந்தாத்தான் ஆபத்து” என்றான். அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினோம். மேலே நீலமாக இருந்த தண்ணீர் கீழே போகப் போகப் பாசிப் பச்சையாகி, சில்லென்று ஆனது. அடியில், என் தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, தம்பி சிலேட்டில் ஒரு கூட்டல் கணக்குப் போட்டு நீட்டினான். சரியாக எழுதிக் கொடுத்தேன். அவனுக்குத் திருப்தி. எனக்கோ அதற்குமேல் திருப்தி. உலகத்தில் எல்லோரையும் பிடித்திருந்தது, என் சித்தி உள்பட.

அப்போதுதான் கயிற்றில் ஒரு புரி பிரிந்து நிற்பதைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் அறுந்த இழையைக் கண்டால் யாரும் தாண்டிப் போவதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கூடப் பேசிக்கொண்டே தறியில் அறுந்து கிடக்கும் இழையைப் பிணைத்துவிட்டுத்தான் காபி டம்ளரைக் கையில் எடுப்பார். விட்டுவிட்டால் புடவை நெடுக ஒரு கோடு ஓடிவிடும். அந்த ஆழத்தில் எனக்கு அதே கவலை வந்தது. இதை இப்போதே சேர்க்காவிட்டால் இந்தக் கடல் நெடுகக் கோடு விழுந்துவிடும். கரையில் இருப்பவர்கள் நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள். புரியைப் பிடித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கினேன். சரியாக இருக்கிறீர்களா என்று தம்பி கைச்சைகையில் கேட்டான். சரி என்று காட்டினேன். வேலை நடக்கும்போது இவன் ஒருவன், என்று எரிச்சலாகக்கூட இருந்தது. புரி வழுக்கிக்கொண்டே போனது. நுனி பிடிபடாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொள்வோம். விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். வாயில் கவ்வியிருந்த காற்றுக்குழாய் இடித்தது. அட, இது வேறு குறுக்கே என்று அதை ஒதுக்கப் பிடித்தேன்.

பிடித்த கை அங்கேயே நின்றது. இத்தனை தண்ணீருக்கு நடுவில் எந்தப் பைத்தியக்காரி விரலை ஈரம் பண்ணுவாள்?

வந்துவிட்டது, இதுதான் அது என்று புரிந்தது. சரியில்லை என்று கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, தலையைத் தொட்டுக் காட்டி, மேலே போகலாம் என்று சைகை செய்தேன். தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். நிதானமாக ஏறினோம். கொஞ்ச தூரத்திலேயே கயிறு வெறும் கயிறாகிவிட்டது. சித்தியும் பழைய சித்தியாகிவிட்டாள்.

நான் வாய்திறக்காமல் இருந்திருந்தால் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மறைக்க இதில் என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். நாத்தனார் பரணை அண்ணாந்து பார்த்தார். மறுநாள் காலை பை மேலே போய்விட்டது. அந்த வகுப்பில் இன்னும் ஒரே ஒரு முழுக்கு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை போகாவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். என்னையும் நான் அறிவேன், ஒருமுறை பயந்து நின்றால் பிறகு அந்தக் கண்ணாடியை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தறி பதில் சொல்லாததால் நான் சொன்னேன். “போவேன் அண்ணி. எனக்கு அது வந்துச்சி. வந்தது எனக்கே தெரிஞ்சிது. நானேதான் மேல வந்தேன். இதுல எதுக்கு நான் பயந்துகினு வூட்ல ஒக்காரணும்?”

“குழா இடிச்சிதான தெரிஞ்சிது? அடுத்த தபா இடிக்கறதுக்கு முன்னாடியே புடுங்கிட்டன்னா?” இப்போது என்னைப் பார்த்தே கேட்டார்.

நியாயமான கேள்வி. என் விரல் முறுக்க ஆரம்பிப்பதுதான் எனக்கு அடையாளம், இனி அது தொடங்கியதுமே ஏறிவிடுவேன் என்றேன். அவர் அசையவில்லை. அந்தத் தம்பி பக்கத்திலேயே இருந்துகொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்டார். அவன்மேல் தவறில்லை, நான் சும்மா கயிற்றைப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான், இழை முறுக்கும் கையை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லையே என்றேன்.

நாத்தனார் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “போன் போடு. மூஞ்சி தெரியற மாதிரி போடு” என்றார்.

போட்டேன். திரையில் தம்பி வந்து வணக்கம் சொன்னான். அவர் வணக்கம் சொல்லவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கித் தறிக்கட்டையில் சாய்த்து வைத்தார். அதன் எதிரே நின்று, இரண்டு விரல்களைச் சேர்த்து, இல்லாத ஓர் இழையை மெதுவாக முறுக்கிக் காட்டினார். அந்த விரலை அப்படியே உதடுவரை கொண்டுபோனார். “இத பாத்தியா தம்பி? இது ஆரம்பிச்சா அவளக் கேட்டுகினு நிக்காத, இழுத்துகினு மேல வந்துடு. எங்க, நீ பண்ணு” என்றார். அவன் செய்தான். கட்டைவிரல் சரியாக வரவில்லை. மறுபடி செய்யச் சொன்னார். மூன்றாவது முறை தலையை ஆட்டிவிட்டு, போனை அணைக்காமலே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்த அண்டாவை ஒருபக்கமாகத் தள்ளினார்.