மேனேஜர் மேசையில் இருந்த பேட்ஜ்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. எங்களைப் போன்றவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் உண்டு. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பது அதில் பதியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும். தொலைந்துவிடும் என்று சொல்லி எங்கள் மேனேஜர் அவற்றைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். நாங்களும் கேட்டதில்லை.

கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து உண்டானேன். வேறு வேலை தரும்படி மேனேஜரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு சோதனை ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார்.

"இங்க பாரும்மா, ஒண்ணுமே பதியல. எதுக்கு இம்புட்டு பயம்?"

மேசைக்குள் கிடந்த பேட்ஜில் என்ன பதியும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கை உடைந்து வந்த பிள்ளைகளை எக்ஸ்ரே எடுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்ள ஆளில்லாவிட்டால், நானே கதிருக்குள் நின்று பிடித்தேன். ஐந்தாம் மாதம் கரு கலைந்தது. பெண் குழந்தை.

கதிரால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதிலோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன்.

பேட்ஜ், கதிர் அளவு பற்றிய விதிகளையெல்லாம் யார் போடுகிறார்கள் என்று என் கணவர்தான் தேட ஆரம்பித்தார். அவருக்குக் கொடைரோடு ரயில்வே ஸ்டேஷனில் வேலை. சென்னையில் இருக்கும் அரசு அலுவலகத்துக்கு எழுதினோம். மும்பையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார்கள். அங்கிருந்து, பதிவான அளவு வரம்புக்கு மிகவும் கீழே இருப்பதாகப் பதில் வந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். 

விதிகளைத் திருத்துவதற்கு முன்னால் மதுரையில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இருவரும் போனோம். மருத்துவமனை முதலாளிகள், மெஷின் விற்பவர்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள் என்று ஹால் நிறைந்திருந்தது. எக்ஸ்ரே அறைக்குள் நின்று வேலை பார்க்கிறவள் நான் ஒருத்திதான். பேசக் கூப்பிட்டபோது, எழுதிக்கொண்டு போன காகிதம் பின்வரிசையில் கணவரிடமே இருந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பேட்ஜ் எங்க சட்டையில இருக்கணும்னு எழுதியிருக்கீங்க. இருக்கான்னு எங்கள்ல ஒருத்தரையும் கேட்டதில்ல. அந்த ரிப்போர்ட்ட நேரா எங்க கையில குடுங்க. மாசமா இருக்கேன்னு ஒருத்தி சொன்னா, அன்னைக்கே அவள எக்ஸ்ரே ரூம்ல இருந்து வேற வேலைக்கு மாத்தணும்னு எழுதுங்க."

ஒரு பெண் அதிகாரி குறித்துக்கொண்டார். இன்றுவரை, பரிசீலனையில் இருப்பதாகத்தான் பதில் வருகிறது.

காத்திருக்க மனசு கேட்கவில்லை. பேகம்பூர் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் அக்கா ஒருவரையும், வேறு சில மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுப்பவர்களையும் சேர்த்துக்கொண்டேன். பேட்ஜ் இல்லாமல் அறைக்குள் போவதில்லை என்று எல்லோரும் ஒரே நாளில் சொன்னோம். எங்கள் மேனேஜர் மேசையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ரிப்போர்ட்டில் என் பெயருக்கு நேரே முதல்முறையாக ஓர் அளவு இருந்தது. வரம்புக்குள்தான். ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் உண்டானாள். என்னிடம் சொன்ன அன்றைக்கே மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மறுநாளே அவளை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். வளைகாப்புக்குக் கூப்பிட்டாள். வருவதாகச் சொல்லிவிட்டு, வளையலை என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன்.