நெடுந்தீவில் நாங்கள் திருப்பிய விமானம்

1. கல்வேலியடி

கல்வி அதிகாரி வருவதற்கு முதல் நாள் பின்னேரம், எங்கள் விமானம் எறிந்த தரமெல்லாம் சுழன்று விழுந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்துக் கல்வேலியில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது.

நான் நெடுந்தீவில் பௌதிகம் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம் அது. என் தகப்பன், அப்பு, கடற்றொழில் செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் வகுப்பில் ஐந்து பெண் பிள்ளைகள். ஆய்கூடம் இல்லாத பள்ளியில் பௌதிகம் எதற்கு என்று கல்விக் கந்தோரில் பேச்சு எழுந்திருந்தது. அதிகாரி வந்து ஒரு பாடத்தைப் பார்த்து முடிவு சொல்வார். வகுப்பை மூடினால் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்றுதான் படிக்க வேண்டும். எந்த வீடும் அதற்குச் சம்மதிக்காது. அவர்களின் படிப்பு அத்தோடு சரி.

பலாலிக்குப் போகிற விமானம் சில நாட்களில் எங்கள் தீவுக்கு மேலால் போகும். அதற்கு வால் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதையே பாடமாக்கினேன். மூங்கில் ஈர்க்கு, பட்டம் ஒட்டும் மெல்லிய ரிசுப் பேப்பர், கூப்பனுக்குக் கிடைத்த மாவில் காய்ச்சிய பசை, மூக்குப் பாரத்துக்கு வலையில் கட்டும் ஈயக்குண்டு. கையால் எறிந்தால் மைதானத்தில் ஒரு வட்டம் போட்டு இறங்க வேண்டும்.

நிமிர்ந்த வாலைச் செய்தவள் ஜெசிந்தா. செட்டையில், அதாவது இறக்கையில், பாதியளவு உயரம் வைத்து, அதன் பின்விளிம்பை இடப்பக்கம் வளைத்திருந்தாள்.

"சுக்கான் பெரிசா இருந்தாத்தானே ரீச்சர் கெதியாத் திரும்பும். எங்கட வள்ளம் அப்பிடித்தான்."

"உங்கட வள்ளம் பறக்கிறதோ?" என்றாள் பத்மா.

"உன்ரை வாயளவு சுக்கான் போட்டால் பறக்கும்."

கடலில் வளர்ந்த எவரும் ஜெசிந்தா செய்ததைத்தான் செய்திருப்பார்கள். நான் விழுந்ததைத் தூக்கி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் முதலில் தாழ்ந்து பதிந்தது என்று கேட்டேன். இடது செட்டை என்றார்கள். அதிலிருந்து ஒவ்வொன்றாக அவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள்.

வள்ளத்தைத் தண்ணீர் இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கிறது. விமானமோ ஒரு செட்டையைப் பதித்துச் சரிந்துதான் ஒழுங்காகத் திரும்பும். நிமிர்ந்த வாலின் முதல் வேலை, மூக்கு அங்குமிங்கும் அலையாமல் பறக்கும் திசையிலேயே பிடித்து வைப்பது. வால் அளவுக்கு மிஞ்சினால், சரிந்த பக்கத்துக்கே மூக்கை இழுத்துக்கொண்டு போகும். வட்டம் இறுகி இறுகி நிலத்தில் முடியும். செட்டை நுனிகளை மேலே உயர்த்தினால், பதிந்த செட்டை தானே நிமிரப் பார்க்கும்.

அன்றே வளைக்காத சிறிய வாலோடும் உயர்ந்த நுனிகளோடும், இடப்பக்கம் சரிய இடது செட்டையில் துளி ஈயத்தோடும் இன்னொன்று செய்தோம். அது அழகாக வட்டம் போட்டது. பெரிய வால்காரனின் மூக்கையும் ஒட்டி வைத்தோம்.

2. விழுத்திக் காட்டியது

காலையில் மேசையில் இரண்டையும் கண்ட பள்ளி அதிபருக்கு முகம் மாறியது.

"உந்த உடைஞ்சது ஏன் ரீச்சர் இஞ்சை?"

"அதைத்தான் சேர் முதல் எறியப் போறம்."

"அதிகாரிக்கு முன்னாலை விழுத்திக் காட்டப் போறீரோ? வகுப்புப் போனால் பிறகு என்னட்டை வந்து அழ ஏலாது."

"விழுந்தால்தான் சேர் மற்றது ஏன் பறக்குதெண்டு விளங்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் எதையும் மாற்றவில்லை.

அதிகாரி லோஞ்சுப் படகில் வாந்தியெடுத்த களைப்போடு வந்து கதிரையில் சாய்ந்தார். ஜெசிந்தா பெரிய வாலை எறிந்தாள். சுழன்று அவர் காலடியிலேயே விழுந்தது.

"இதைப் பார்க்கவோ நான் கடல் கடந்து வந்தனான்?"

அதிபர் நிலத்தைப் பார்த்தார். ஜெசிந்தா "அதுக்கு வால் பெரிசு சேர்" என்றுவிட்டு அடுத்ததை எறிந்தாள். அது இடப்பக்கம் மெல்லச் சரிந்து, கல்வேலிக்கு முன்பாகவே திரும்பி, வட்டம் முடித்துப் புல்லில் இறங்கியது. அதிகாரி கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"பெரிய வால் கூடாதெண்டால் வாலே வேண்டாமே பிள்ளை?"

இந்தக் கேள்வியை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஜெசிந்தா விழுந்து கிடந்த விமானத்தை எடுத்தாள். நிமிர்ந்த வாலைக் கழற்றிவிட்டு எறிந்தாள். அது மூக்கை அங்குமிங்கும் ஆட்டி, பக்கவாட்டாக வழுக்கித் தொப்பென்று விழுந்தது.

"வால் வேணும் சேர். அளவாத்தான் வேணும். நேராப் பிடிக்கிறது அதுதான். திரும்பிறதுக்குச் செட்டை சரிய வேணும்."

அவர் சிறிய விமானத்தைத் தானே வாங்கி எறிந்து பார்த்தார். திரும்பத் திரும்ப எறிந்தார். லோஞ்சுக்கு நேரமாகிறது என்று அதிபர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

"இந்த வகுப்பை மூடச் சொல்லி நான் எழுதமாட்டன்," என்று என்னிடம் சொன்னார். "ஆய்கூடத்துக்கு எழுதுறன். வருமோ தெரியாது."

ஆய்கூடம் இன்னும் வரவில்லை. வகுப்பு நடக்கிறது.

புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை பிழையாகச் செய்ததைப் பறித்து நீங்கள் திருத்தாதீர்கள். அதையும் ஒருமுறை எறியவிடுங்கள். ஜெசிந்தாவின் பெரிய வால் விழுந்திராவிட்டால், அன்று அதிகாரிக்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் இருந்திருக்காது.

சுக்கானே இல்லாமல் ஏரோப்பிளேனைத் திருப்பினவள் தன்ரை மகள் என்று அப்பு படகுத்துறையில் நிற்கிறவர்களிடம் சொல்லித் திரிகிறார். வாலும் வேண்டும் அப்பு என்று நான் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். அவர் கேட்பதாயில்லை.