ஓடத் தெரிந்த படை

மேசையில் வைக்குமுன் ஒவ்வொரு ஈயச் சிப்பாயையும் உதட்டருகே கொண்டுபோய்த் தூசி ஊதுகிறார் வில்ஃப் டான்ஸ்லி. மொத்தம் அறுபது பேர், அத்தனையும் ஊர்க்காவல் படை. கையில் ஈட்டி, காலில் கிழிந்த செருப்பு. எதிரி முறைத்தாலே ஓடிவிடுவார்கள் என்று எங்கள் மான்ஸ்ஃபீல்டு போர்விளையாட்டுக் கழகத்தில் யாரும் அவர்களைச் சீந்துவதில்லை. பெட்டியோடு வாங்கி நாங்கள் கழித்துப்போட்டவற்றைப் பொறுக்கி, வளைந்த ஈட்டிகளை நிமிர்த்தி, வண்ணம் பூசி வைத்திருக்கிறார்.

நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். கூரை போடும் தொழிலில் இன்று ஆறு வண்டிகள் என் பெயரைச் சுமந்து ஓடுகின்றன. கழகத்துக்கும் பத்தொன்பது வருடமாக நான்தான் தலைவன். என் கவசக் குதிரைப்படை முன் நின்று பிழைத்தவர் சொற்பம்.

வில்ஃப் ஓய்வுபெற்ற தபால்காரர். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துவிட்டு, அது உடைந்து விழும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார். மாவட்டப் போட்டிக்கான ஆறு பேர் அணியில் பதினான்கு ஆண்டுகளாக அவர் பெயர் வந்ததில்லை. எங்கள் வேன் கிளம்பும்போது வாசலில் நின்று கையசைப்பார். இந்த ஆண்டு ஓர் இடம் காலி. என்னை ஜெயித்தால் உனக்கு என்றேன்.

"வில்ஃபு, இந்தப் பசங்களை வச்சுத் தோட்டத்துல புல்லுகூடப் பிடுங்க முடியாதுய்யா!" என்றான் வேடிக்கை பார்க்க வந்த டெரிக்.

"ஓடவாச்சும் தெரியுமே" என்றார் வில்ஃப்.

எட்டுச் சுற்று ஆட்டம். முடிவில் மேசை நடுவே உள்ள பாலம் யாரிடமோ அவருக்கே வெற்றி. பாலத்தில் என் குதிரைகள் நின்றன. நாலாவது சுற்றில் முப்பது ஊர்க்காவலர்களை என் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். எனக்குக் கை அரித்தது. பாய்ந்தேன். பகடை உருண்டது, ஓடினார்கள். சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஓடுபவனைக் கவசக் குதிரை துரத்தியே ஆகவேண்டும் என்பது விதி. நானே நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அவர்கள் பாலத்தை ஒட்டி வரைந்திருந்த சதுப்பு நிலத்துக்குள் ஓடினார்கள். என் குதிரைகளும் பின்னாலேயே போய்ச் சேற்றில் இறங்கின. காலியான பாலத்தின்மேல் அவருடைய மிச்ச முப்பது பேர் நிதானமாக நடந்து ஏறினார்கள்.

"வேணும்னேதான் ஓட விட்டியா?"

"முப்பத்தோரு வருஷம் தபால் போட்டிருக்கேன், ஹோரஸ். நாய் துரத்துனா எந்தப் பக்கம் ஓடணும்னு கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே பார்த்து வச்சுக்குவேன்."

எட்டாம் சுற்று முடிந்தும் என் குதிரைகள் சேற்றைவிட்டு வரவில்லை.

"சனிக்கிழமை காலைல ஏழு மணி. லேட்டா வந்தே, விட்டுட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு, சுவரில் குத்தியிருந்த பட்டியலில் ஆறாவதாக அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

வில்ஃப் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டியலருகே போனார். பூசிய வண்ணம் காய்ந்ததா என்று பொம்மையைத் தொடுவதுபோல, சுண்டுவிரல் நுனியால் தன் பெயரை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.