லீற்றருக்குப் பதினேழரை

கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளையின் வயதையும் கார் விற்பவர் சொல்லும் மைலேஜையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். கண்டியில் எனக்கு அந்தச் சின்னக் காரை விற்றவர், "லீற்றருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் டீச்சர், கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். நானும் மூடிக்கொண்டுதான் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள், எந்த ரோட்டில் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

முதல் மாதமே அளந்து பார்த்தேன். டாங்கை வாய் வரை நிரப்பி மீட்டரை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓடி முடித்ததும் மறுபடி வாய் வரை நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் உண்மை வந்துவிடும். எனக்கு வந்த உண்மை பன்னிரண்டு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். அந்த மனிதர் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "அது கம்பனி கணக்கு. நீங்க வாராவாரம் மலை ஏறுறீங்களே டீச்சர், வண்டி என்ன செய்யும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

மலை ஏறியது உண்மைதான். புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், அப்பா தனியாக இருந்தார். அம்மா இறந்த பிறகு கண்டிக்கு வரச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டேன். "உங்கம்மா இங்க கெடக்கா, நான் எங்க வர்றது" என்று முடித்துவிட்டார். அதனால் சனிக்கிழமை தோறும் நான்தான் போனேன். போக வர எண்பது கிலோமீட்டர். பேராதனையில் நெரிசல், கம்பளை வரை ஓரளவு நேர் ரோடு, அதற்குப் பிறகு ஏற்றம். முன்னால் ஒரு பஸ் மாட்டிக்கொண்டால் போச்சு. வளைவுக்கு வளைவு அது நிற்கும், நானும் நிற்பேன், இரண்டாவது கியரில் மறுபடி உறுமிக்கொண்டு கிளம்ப வேண்டும். பின்சீட்டில் அரிசி, மா, அப்பாவின் மருந்து, ஒரு பெட்டி சத்துமா. இறங்கும்போது ஏற்றத்தில் போனதெல்லாம் திரும்பி வரும் என்று நினைப்பவர்கள் மலையில் கார் ஓட்டாதவர்கள். பாதியைப் பிரேக் தின்றுவிடும்.

இரண்டு வருடம் அந்தக் கொப்பியை எழுதினேன். நல்ல வெயில் நாளில் பன்னிரண்டரை, பனிமூட்டமும் மழையும் என்றால் பதினொன்றரை, மற்றபடி பன்னிரண்டு. வரிசையாக அதே எண்கள்தான். அந்த ரோட்டுக்கு அதுதான் விலை என்று மனதும் ஒத்துக்கொண்டது.

பிறகு ஒரு மழை நாளில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டேன். முதலில் மாவுக்கட்டு. அதைக் கழற்றிய பிறகும் கிளச்சை மிதிக்க முடியாது, பஸ்ஸில் நின்றுகொண்டு வளைவுகளில் ஆட முடியாது. சனிக்கிழமைப் பயணம் தம்பியிடம் போனது. அவன் கண்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு என்னோடுதான் இருந்தான். அவனை நான்தான் படிக்க வைத்தேன் என்று சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டேன், போகட்டும்.

சாவியைக் கொடுத்தேன், சாமான்களைக் கொடுத்தேன், கொப்பியையும் கொடுத்தேன்.

"கொப்பியும் நான் எழுதணுமாக்கா?"

"எழுதணும். வாய் வரைக்கும் அடிச்சு எழுது."

முதல் மாதம் அவனுக்கும் பன்னிரண்டுதான் வந்தது. இரண்டாவது மாதம் ஒரு நாள் பதினாறு. அடுத்த வாரம் பதினேழு. அப்புறம் பதினேழரையில் நிலைத்து நின்றது. நம்பாமல் மீட்டரைப் போய்ப் பார்த்தேன். எண்பதுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஓடியிருந்தது. தூரம் சரி, பெற்றோல் மட்டும் குறைந்திருந்தது.

"எப்படிடா?" என்றேன்.

"டயருக்குக் காத்து கம்மியா இருந்துச்சுக்கா, கூட்டி அடிச்சேன். டிக்கியில நீங்க ஏத்தி வச்சிருந்த பழைய புத்தகத்தையெல்லாம் எறக்கிட்டேன். ஏசி போடுறதில்ல. நீங்க கிளச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுவீங்க, நான் அப்படி இல்ல."

ஒவ்வொன்றும் சரியான காரணம். காற்றுக் குறைந்த டயர் பெற்றோலைக் குடிக்கும், சுமை குடிக்கும், ஏசி குடிக்கும், என் காலும் குடித்திருக்கும். நான் தம்பியை மெச்சிக்கொண்டேன். ஆசிரியர் அறையில் அவன் கெட்டித்தனத்தைச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுப்பேற்றினேன். பத்தாம் வகுப்புக்கு அதை ஒரு கணக்காகவே போட்டேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போனது என்பார்கள். என் மதி கொப்பிக்குள்ளே குனிந்து கிடந்தது.

அந்த மாதங்களில் ஞாயிறு தோறும் அப்பாவோடு தொலைபேசியில் பேசுவேன். ஒரு ஞாயிறு அவர் கேட்டார்.

"தம்பி ஏம்மா வர்றதே இல்ல?"

"நேத்துதானேப்பா வந்தான்."

"வரலையே. சாமான்தான் வந்துச்சு. ஆளு வரல."

"சாமான் என்ன, நடந்தா வந்துச்சு?"

அப்பா மழையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தம்பியிடம் சொன்னபோது அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அப்பாவுக்கு மறதி வந்திருச்சுக்கா. பக்கத்துல ஒக்காந்து கஞ்சி குடிக்க வச்சுட்டு வர்றேன், மறுநாளே மறந்துர்றாரு. நீங்க கவலப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்றான். நான் அழுதேன். அழுதது அப்பாவுக்காக. தம்பி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அதற்குப் பிறகு அப்பா "வரலையே" என்று சொல்லும்போதெல்லாம் நான் திருத்தினேன். முதலில் பொறுமையாக, பிறகு பொறுமை இல்லாமல். வகுப்பில் பிழையான விடையைத் திருத்துகிற அதே குரல்தான். "வந்தான்ப்பா. நல்லா யோசிச்சுப் பாருங்க" என்பேன். ஒரு நாள் கோபத்தில், "இப்படியே பேசினீங்கன்னா தோட்டத்துல விட்டு வைக்க முடியாது, ஆஸ்பத்திரியிலதான் கொண்டுபோய் வைக்கணும்" என்றுகூடச் சொன்னேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நல்ல காலம், புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

ஏழாவது மாதம் முழங்கால் ஒருவாறு சொன்னபடி கேட்டது. பள்ளிக்கு நானே ஓட்டிப் போனேன். சேர்விஸ் செய்ய வேண்டிய நாளும் வந்ததால் ஒரு புதன்கிழமை பள்ளி விட்டதும் அலவத்துகொடைக்குப் போனேன். சின்னக் கார்களுக்குக் கைராசியான ஒரு முஸ்லிம் மெக்கானிக்கின் கராஜ் அங்கே மாத்தளை ரோட்டோரத்தில் இருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். முன்சக்கரத்தைக் கழற்றியவர் பிரேக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இத நான்தானே போட்ட, ஒங்கட கால் ஒடையிறத்துக்கு முந்தி? புதுசு மாதிரி ஈக்கு. வண்டி வீட்டுலயா நின்ட?"

"வாராவாரம் புசல்லாவைக்குப் போற வண்டி. தம்பி நல்லா ஓட்டுவான்" என்றேன். பெருமை தாங்காமல் கொப்பியையும் நீட்டினேன். "பதினேழரை வருது, பாருங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"புசல்லாவைக்கா? அந்த ரோட்டுல இந்தக் கணக்கு வராது டீச்சர். யாரு ஓட்டினாலும் வராது. மலை எறங்கினா பிரேக்கும் இப்பிடி மிஞ்சாது. இது ஏத்தமில்லாத சமரோட்டுல ஓடின வண்டி." பிறகு வெகு சாதாரணமாகச் சொன்னார்: "தம்பி சனிக்கெழமையில மாத்தளைப் பக்கம் போறத காணுவேன். கை காட்டிட்டுத்தான் போவாரு."

அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தேன். கால் வலி என்று அவர் நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார். கொப்பியைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். தம்பி வாயால் பொய் சொன்னான், ஆனால் கொப்பியில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் நான் சாகும்வரை நம்பியிருப்பேன். எண்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. அப்பாவும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் இரண்டையும் பிழையாகத் திருத்தினேன்.

அன்று மாலை தம்பி வேலையிலிருந்து வந்ததும் கொப்பியை மேசையில் வைத்து, "மாத்தளையில யாரு?" என்றேன்.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். மறைக்கப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் கூட வேலை செய்கிற பெண், மாத்தளை தாண்டி வீடு, அதுவும் போக வர எண்பதுதான், நல்ல இடம், ஆறு மாதமாகப் போய் வருகிறான், கல்யாணப் பேச்சு நடக்கிறது. எல்லாவற்றையும் சொன்னான். கேட்கச் சந்தோஷமான செய்திதான். அதை ஏன் திருட்டுத்தனமாகச் செய்தான் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

"என்கிட்ட சொன்னா வேணாம்னா சொல்லியிருப்பேன்? அப்பாவையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு, அங்கயும் போயிருக்கலாமே."

"சொன்னா நீங்க அப்பாவப் பத்தி பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட பேசுவீங்க. அவங்கள லயத்துக்கு எப்படிக்கா கூட்டிட்டுப் போறது?"

"அப்பாவப் பத்தி அங்க என்ன சொல்லி வச்சிருக்க?"

கழற்றிய சப்பாத்தை எடுத்து மூலையில் வைத்தான்.

"உசிரோட இல்லன்னு சொன்னியா?"

தரையைப் பார்த்தான். நான் அவனை அடித்திருப்பேன், எழுந்திருக்க முழங்கால் விடவில்லை. பிறகு அவனே சொன்னான். "சாமான ஒரு வாரம்கூட விடலக்கா. கண்டி ஸ்டாண்டுல பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்துருவேன். பக்கத்து வீட்டு அக்கா புசல்லாவையில எறக்கி எடுத்துக்கும்." அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பஸ்ஸில் சாமான் அனுப்புவது மலைநாட்டில் எல்லோரும் செய்கிற காரியம். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சந்தேகம் வரவில்லை. நாங்கள் பேசி வைத்துத்தான் அனுப்புகிறோம் என்று நினைத்திருக்கிறாள். கார் விற்றவர் என்னை ஏமாற்றியதில் லீற்றருக்குப் பத்து கிலோமீட்டர்தான் போனது. இவன் ஏமாற்றியதில் என்ன போனது என்று கணக்குப் போட எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை நானே போனேன். கம்பளை தாண்டியதும் முன்னால் ஒரு பஸ் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் கிளச்சை மிதிக்கும்போது முழங்கால் கத்தியது. அதுவும் வேண்டும் எனக்கு என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி, நான்தான் பிழை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்பா லயத்து வாசலில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்தவர், நான் வாயைத் திறக்கும் முன்னமே அவசர அவசரமாகப் பேசத் தொடங்கினார்.

"தம்பி போன சனிக்கெழம வந்தான்மா. பக்கத்துல ஒக்காந்து கஞ்சி குடுத்தான். அதுக்கு முந்துன வாரமும் வந்தான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்மா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லப்பா. அவன் வரல. நீங்க சொன்னதுதான் சரி."

அவர் என் முகத்தைப் பயத்தோடு பார்த்தார்.

"வந்தான்மா" என்றார். "நீதானே சொன்ன."