அவளை மட்டும் அனுப்பாதே என்று ஜெபித்தேன்

ஜெபித்து ஜெபித்துப் பதில் கிடைக்காமல் சலித்துப்போன யாராவது இங்கே இருந்தால், கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் வடக்கனந்தல். அப்பாவுக்குக் கரும்புக் கொல்லையில் கூலி வேலை. கள்ளக்குறிச்சியில் எங்கள் சபை நடத்திய மேல்நிலைப் பள்ளியில், விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்தேன். எண்பதுகளின் பிற்பகுதி அது. இடஒதுக்கீடு கேட்டு எங்கே பார்த்தாலும் ஊர்வலமும் மறியலுமாக இருந்தது.

அந்த வருஷம் நான் சரியாகத் தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. பரீட்சைப் பயம் என்று வார்டன் அம்மா நினைத்தார்கள். பயமும் இல்லை, மண்ணும் இல்லை. பொறாமை. என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சாராள் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.

சாராள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே போக வேண்டும் அவள் ஊருக்கு. எங்கள் விடுதியில் சனிக்கிழமை சாயந்திரம் சாட்சி நேரம். அந்த வாரம் ஆண்டவர் செய்ததை ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்ல வேண்டும். சாராள் ஒரு வாரம்கூட உட்கார்ந்திருந்ததில்லை. தொலைந்த சீப்பு கிடைத்தது, ஸ்தோத்திரம். தலைவலி விட்டது, ஸ்தோத்திரம். மலையில் சாமை நன்றாக விளைந்ததாம், அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். வார்டன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு வயிறு எரியும். சீப்பு கிடைத்ததெல்லாம் ஒரு சாட்சியா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஏனென்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக விசுவாசிகள். அவளோ நேற்று வந்தவள். நான் முழங்கால் தேயக் கேட்டதற்கு ஒரு பதிலும் இல்லை. அவள் கண்ணை மூடுவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

இது போதாதென்று வகுப்பில் எந்நேரமும் இடஒதுக்கீட்டுப் பேச்சு. கிறிஸ்தவர்கள் ஆனதால் நாங்கள் எஸ்.சி. கணக்கில் வர மாட்டோம், பி.சி. தான். அவளும் கிறிஸ்தவள்தானே? மலைக்காரர்களுக்கு அந்தச் சட்டம் இல்லையாம், அவள் எஸ்.டி.யாகவே இருக்கலாமாம். அவளுக்குக் காலேஜ் சீட் நிச்சயம் என்று டீச்சர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவரும் அவள் பக்கம், சர்க்காரும் அவள் பக்கம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவளோடு பேசிவந்த ஒன்றிரண்டு வார்த்தையையும் நிறுத்திவிட்டேன். அவள் மட்டும் தினமும் காலையில் "எஸ்தரு, எழுந்துக்கினியா?" என்று கேட்பாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

செப்டம்பரில் பெரிய மறியல் வரப்போகிறது என்று தெரிந்ததும் விடுதியை மூடினார்கள். எல்லாரும் ஊருக்குக் கிளம்பினோம். மலைக்குப் போகும் பஸ் அதற்குள் நின்றுவிட்டது. வார்டன் அம்மா யோசிக்கவே இல்லை. "எஸ்தர், உன் வூட்டுக்கு சாராளக் கூட்டிக்கினு போ. பஸ் வுட்டதும் அங்கேர்ந்தே மலைக்கு ஏறிக்கட்டும்" என்றார்கள். அழாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டில் என் அம்மா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். கோழி இட்ட ஒரே முட்டை அவளுக்கு. "இன்னாமா வேல செய்யிது இந்தப் பொண்ணு, நீயுந்தான் கீறியே" என்று எனக்குப் பேச்சு. என் அப்பா யாரிடமும் அதிகம் பேசாதவர். அவரே அவளிடம் மலையைப் பற்றிக் கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வெறியே வந்துவிட்டது. ஒரு முடிவு எடுத்தேன். யாருக்கும் தெரியாமல் உபவாசம் இருப்பது. இவளுடைய சீப்புச் சாட்சியெல்லாம் ஓடி ஒளிகிற மாதிரி பெரிய சாட்சி ஒன்றை ஆண்டவரிடம் வாங்காமல் சாப்பிடுவதில்லை. வீம்புக்கு உபவாசம் இருந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் பங்குச் சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டுக் கரும்புக் கொல்லைக்குப் போய் வெயிலில் முழங்கால் போடுவேன். மூன்றாம் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய்க் குடித்தால் தெரிந்துவிடும் என்று கொல்லை வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் குடித்தேன்.

மறுநாள் காலையில் வாந்திபேதி. மத்தியானத்துக்குள் எழுந்து உட்கார முடியவில்லை. கையும் காலும் முறுக்கிக்கொண்டு இழுத்தன. ஊருக்கு வரும் நர்ஸ் அக்கா மறியலால் வரவில்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "நம்ம தெரு வண்டின்னா வுடுவாங்களா? பேச்சு முத்திப்போச்சின்னா இன்னா பண்றது?" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறியல் செய்தவர்கள் வேறு சாதிக்காரர்கள், நாங்கள் காலனி. அந்த நாட்களில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அந்தப் பயம் இருந்தது.

சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் நிஜமாக ஜெபித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இதுதான் அந்த ஜெபம்: "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும். யாரை வேண்டுமானாலும் அனுப்பும். அவளை மட்டும் அனுப்பாதேயும்."

ஆமென் சொல்லி முடிக்கவில்லை. கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு சாராள் உள்ளே வந்தாள்.

ஊட்டிவிட்டாள். வாய் கழுவிவிட்டாள். அப்புறம் வெளியே போய் அப்பாவிடம், "வண்டியக் கட்டுங்கப்பா. மரத்துகிட்ட போனதும் நான் முன்னால நடந்து போறேன். என்ன யாருக்கும் தெரியாது, நான் கேட்டுப் பாக்குறேன்" என்றாள். அப்பா கரும்பு ஏற்றும் வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் கிடத்தினார். பாதி வழிவரை சாராள் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எனக்குக் கால் இழுக்கும்போதெல்லாம் வண்டி ஓரத்தில் நட்டிருந்த முளைக்குச்சியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதாக ஞாபகம்.

ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேலும் சுற்றியும் ஆட்கள். அவள் இறங்கிப் போனாள். வைக்கோல் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த ஊரு வண்டி?" என்று ஒருவர் கேட்டார்.

"வடக்கனந்தலுங்கண்ணா. நான் மலைக்காரி. உள்ள இருக்கிறது என் கூடப் படிக்கிற பொண்ணு. காலையிலேர்ந்து வாந்திபேதி. கண்ண மூடி மூடித் தொறக்குறாண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் ஒருவர் இறங்கி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "டேய், மாட்ட அவுருங்கடா. புள்ள உசுரு போய்க்கினு கீது" என்றார். மாட்டை அவிழ்த்தார்கள். என்னை வைத்தபடியே வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். அடுத்த மறியலிலும் தடுக்கக் கூடாது என்று அந்த மீசைக்காரர் கூடவே நடந்து வந்தார்.

அந்த நிலையிலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவள் கேட்டால் மனுஷன்கூடக் கொடுத்துவிடுகிறானே என்றுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்தேன். ரோடு திறந்தது, விடுதியும் திறந்தது.

முதல் சனிக்கிழமை வந்தது. கடைசியாக எனக்கும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. வார்த்தையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். எனக்கு முன்னால் சாராள் எழுந்துவிட்டாள். நான் செத்துப் பிழைத்ததையும் இவளே எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு நெஞ்சே வெடித்தது.

அவள் மரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. வண்டியைப் பற்றியும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்து நான் ஒண்ணே ஒண்ணுதான் அழுது கேட்டுக்கினு இருந்தேன். எஸ்தரு எங்கூடப் பேசணும்னு. எனக்கு இங்க யாரும் இல்ல. இந்த சாட்சி நேரத்துலதான் நான் பேசறத எல்லாரும் கேக்குறீங்க. அதான் சீப்பு கெடச்சாக்கூட எழுந்துக்குவேன். அன்னிக்கு வண்டியில எஸ்தரு என் கையப் புடிச்சிது. வுடவே இல்ல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

உட்காரும்போது அவள் கையை மூடியிருந்த தாவணி விலகியது. மணிக்கட்டில் நகம் பதிந்த காயங்கள், இன்னும் ஆறவில்லை. நான் பிடித்தது முளைக்குச்சி இல்லை.

யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாளைக்கு எழுப்புடி" என்றேன். அவ்வளவுதான் என் முதல் சாட்சி. அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

சாராள் படித்து நர்ஸாகி மலையிலேயே வேலைக்குப் போனாள். நான் டீச்சர் ஆனேன், அப்புறம் விடுதி வார்டனும் ஆனேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இப்போதும் வரும். வந்தால் அந்த ஆளின் பேரைச் சொல்லி முழங்கால் போடுகிறேன், கொஞ்ச நேரத்தில் அடங்கும். சாட்சி நேரத்தில் ஒரு பிள்ளை வாராவாரம் எழுந்து சின்னச் சின்ன விஷயமாகச் சொன்னால், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.

என் ஆண்டவர் நான் கேட்டதைக் கொடுத்தார், வேண்டாம் என்றதையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டுக்கும் அவருக்கு நன்றி. நீங்களும் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒருத்தி இந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஜெபம் முடிந்ததும் அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள்.